சபைக் கம்ப்யூட்டரும் ஒரு தகப்பனாரின் நினைவும்

எங்கள் சபையில் கம்ப்யூட்டர் தெரியாத குடும்பம் ஒன்றுகூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி ஆராதனைக்கு வந்து, சேலையூரில் எங்கள் தெருவின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும் கார்களில், முன்கண்ணாடியில் ஏதாவதொரு மென்பொருள் கம்பெனியின் பார்க்கிங் ஸ்டிக்கர் இல்லாத காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆராதனை முடிந்து மரத்தடியில் டீ குடிக்கும்போது காதில் விழுவதெல்லாம் ரிலீஸ், கிளவுட், ஆன்சைட். அப்படிப்பட்ட சபையின் ஆபீசில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெள்ளிக்கிழமை காலை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளில் இந்தச் சபையாரைப் பற்றி நான் தெரிந்துகொண்ட அளவுக்கு, முப்பது வருடம் அவர்களோடு சேர்ந்து பாட்டுப் பாடியும் தெரிந்துகொண்டதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்த எங்கள் போதகர், "டீச்சர், வாரத்துல மூணு காலை நம்ம ஆபீசுக்கு வந்துடுங்களேன்" என்றார். வந்துவிட்டேன். சம்பளம் கிடையாது. ஞாயிறு ஆராதனை முறையை அடிக்க வேண்டும். ஆராதனையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலைகளை அடிக்க வேண்டும். ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களுக்குப் பதிவேட்டைப் புரட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் கமிட்டித் தேர்தல் வேறு வந்தது. அதனால் வாக்காளர் பட்டியலும் என் தலையில் விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பத்து மணிக்கு சுவிட்சைப் போட்டேன். கம்பெனி முத்திரை வந்தது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, திரை முழுக்க யாரோ ஜமுக்காளத்தை விரித்ததுபோல் பச்சையும் ரோஸுமாகக் கோடுகள். அப்புறம் கோடுகள் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தன. புள்ளிகள் பாதிச் சுற்றில் நின்றுவிட்டன. மவுஸை அசைத்தேன், ஒன்றும் அசையவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் ஜமுக்காளம். மூன்றாவது தடவை பாஸ்வேர்ட் கேட்கும் இடம்வரை போனது. இரண்டு எழுத்து அடித்ததும் அப்படியே உறைந்துவிட்டது.

போதகரைக் கூப்பிட்டேன். அவர் நல்ல மனிதர். யாரோடும் சண்டை வராமல் இரண்டு வருடத்தை ஓட்டி, அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போவதை ஒரு கலையாகவே வைத்திருப்பவர். ஜெபம் பண்ணச் சொல்வேன் என்று பயந்தாரோ என்னவோ, நான் வாயைத் திறப்பதற்குள், "முதல்ல வயரப் பாருங்க டீச்சர்" என்றார். மானிட்டர் வயரைக் கழற்றி மாட்டினோம். பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினோம். கோடு கோடாகவே இருந்தது.

அந்த ஞாயிறுக்கான ஆராதனை முறையை நான் கையாலேயே எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதிய கை, மோசம் போகாது. ஆராதனை முடிந்து வெளியே வந்த ஒரு டீம் லீட் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "டீச்சர், இந்த ஃபான்ட் ரொம்ப நல்லா இருக்கே. எங்க டவுன்லோட் பண்ணீங்க?"

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, எங்கள் செயலர் வந்து பார்த்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். எதை மேனேஜ் பண்ணுகிறார் என்று அவர் மனைவியிடமே ஒருதடவை கேட்டிருக்கிறேன், "டெலிவரி ஆன்ட்டி" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை. சபைக்கு நிறைய செய்கிறவர்தான், அதை மறுக்க முடியாது. செய்ததை மறக்க விடாதவரும்கூட. அதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் கோவிலில் ஒவ்வொரு மின்விசிறியின் றெக்கையிலும் ஒரு பெயர் உண்டு. பெஞ்சுகளின் முதுகில் பெயர், சுவர்க் கடிகாரத்தில் பெயர், குடிதண்ணீர்த் தொட்டியில் பெயர். தலையைத் தூக்கிப் பரலோகத்தை நினைக்கலாம் என்றால் மூன்று றெக்கையிலும் ஒரே குடும்பம் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாரும் வீட்டிலிருந்தே ஆராதனை பார்த்த காலத்தில், அதை ஒளிபரப்ப வேண்டும் என்று இந்தச் செயலர்தான் சபைக் கம்ப்யூட்டருக்கு, திரையில் படத்தைக் கொண்டுவரும் ஒரு டிஸ்ப்ளே கார்டு வாங்கிப் போட்டார். நல்ல கனமான, இரண்டு விசிறி வைத்த கார்டு. ஆனால் அது பெட்டிக்குள்ளே இருப்பது. வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் சிபியு பெட்டியின் முன்பக்கத்தில் தங்க எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: "இக்கணினியின் டிஸ்ப்ளே கார்டு என் அன்புத் தகப்பனாரின் நினைவாக." கீழே தகப்பனாரின் பெயர், படிப்பு, வேலை, எல்லாம்.

சனிக்கிழமை வந்தவர் முதல் அரைமணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார்.

"இஷ்யூ எப்போ ஸ்டார்ட் ஆச்சு டீச்சர்?"

"நேத்து காலையில பத்து மணிக்கு."

"அதுக்கு முன்னால என்ன சேஞ்ச் பண்ணீங்க?"

"கண்ணாடியத் துடைச்சேன் தம்பி."

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தார். நான், போதகர், கமிட்டியில் நாலு பேர். குழுவுக்குப் பெயர் வைத்தார், படம் வைத்தார், முதல் செய்தியாக மூல காரணம் கண்டுபிடிக்கப்படும் என்று அறிவித்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது டிங் என்று வந்து சேர்ந்தது.

பிறகு தன் வீட்டு மானிட்டரைக் காரிலிருந்து எடுத்துவந்து மாட்டிப் பார்த்தார். அதிலும் அதே ஜமுக்காளம். அப்படியானால் மானிட்டரில் குறை இல்லை. தன் ஆபீசில் யாருக்கோ போன் போட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஏதேதோ அமுக்கினார். சேஃப் மோட் என்று ஒன்று வந்தது, அதில் கார்டுக்கு அதிக வேலை இல்லையாம். எழுத்தெல்லாம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் தெரிந்தன. ஆனால் ஒரு கோடு இல்லை, உறையவும் இல்லை. பிரிண்டர் மட்டும் அந்த நிலையில் வேலை செய்யாது என்றார்.

"டிரைவர் கரப்ட் ஆயிருக்கு டீச்சர். அவ்வளவுதான்."

கார்டை ஓட்டுகிற மென்பொருளுக்குப் பெயர் டிரைவராம். அதை நீக்கினார். அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டர் எழுந்து, தானாகவே அந்த டிரைவரைத் தேடிப் போட்டுக்கொண்டது. போட்ட மாத்திரத்தில் பச்சை, ரோஸ், கட்டம், உறைநிலை. இன்னொரு தரம் நீக்கினார். இன்னொரு தரம் அதேதான். கம்பெனி தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டார். அதற்கும் அதே கதி.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஒரு கணக்கில் எந்த வரியில் தப்பு நடந்தது என்று பார்க்கத் தெரியும். "தம்பி, கார்டைக் கேக்காத வரைக்கும் இது நல்லா இருக்கு. கார்டைக் கேட்டதும் படுத்துக்குது. அப்போ கோளாறு கார்டுல தானே இருக்கணும்?" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டேன் போலிருந்தது.

"கார்டுல இருக்காது டீச்சர். அது பிரீமியம் கார்டு. சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணிடலாம்."

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது என்று எனக்குத் தெரியும். வாக்காளர் பட்டியல் அதில்தான் இருந்தது. "முதல்ல பட்டியலை எடுத்துக்கறேன்" என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே சேஃப் மோடில் போய், அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஃபார்மட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவரும் கிளம்பினார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். முப்பது வருடம் இதே சபையில் இருந்தும் அப்படி நினைத்தது என் அறியாமை.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் பழைய செயலர் என்னை மறித்துக்கொண்டார். இவர் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன தேர்தலில் இப்போதைய செயலரிடம் தோற்றவர், இந்தத் தேர்தலில் மறுபடியும் நிற்கிறவர். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுவார்.

"என்ன டீச்சர், லிஸ்ட் போச்சாமே?"

"போகலை சார். கம்ப்யூட்டர்தான் ஆன் ஆகல. லிஸ்டு என்கிட்ட பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு."

"தேர்தல் நேரத்துல கரெக்டா ஆன் ஆகாமப் போகுது பாத்தீங்களா?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்களும் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் சபை இரண்டாகிவிட்டது. செயலர் தரப்பு பட்டியலில் கைவைத்துவிட்டு, தடயத்தை மறைக்கக் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டது என்று ரயில்வேக்காரர் தரப்பு சொன்னது. ரயில்வேக்காரர் புதன்கிழமை ஒரு சர்டிபிகேட்டுக்காக ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அப்போதுதான் வைரஸ் வைத்திருக்கிறார் என்று செயலர் தரப்பு சொன்னது. ரயில்வேக்காரருக்குப் போனில் வரும் குட்மார்னிங் படத்தை அடுத்தவருக்கு அனுப்பவே இன்னொருவர் வேண்டும். அவர் வைரஸ் வைத்தார் என்பதை மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்கள் நம்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. நான் பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தேன். "இதுல பட்டியல் முழுசா இருக்கு. எங்க வேணா பிரிண்ட் எடுத்து போர்டுல ஒட்டிடலாம்."

இரண்டு தரப்பும் ஒற்றுமையாகப் பேசிய முதல் சந்தர்ப்பம் அது.

"பென் டிரைவ்ல இருக்கறது ஒரிஜினல்னு என்ன கேரண்டி?" என்றார் செயலர். அவர் கண்முன்னால் நான் ஏற்றியது.

"அதானே? வீட்டுக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்றார் ரயில்வேக்காரர்.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் அது சிரிப்பாக வராது. எத்தனையோ ஆயிரம் பேப்பர் திருத்தியிருக்கிறேன். அரை மார்க்கைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ ஒரு பிள்ளையும், ஒரு பெற்றோரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே, என்னோடு ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்கிறவர்கள் என் கைப்பையைப் பார்த்தார்கள். போதகரைப் பார்த்தேன். அவர் மேஜை விரிப்பில் இருந்த பூவேலையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிடலாம் என்று கால் துடித்தது. வந்துவிட்டால் செய்தது நான்தான் என்று ஆகிவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

சேஃப் மோடில் திறந்து எல்லாரும் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் நியாயமாகச் சொன்னார். "பாதி ஆன் ஆன கம்ப்யூட்டர்ல பாக்கறது எப்படிங்க செல்லும்?" என்று ரயில்வேக்காரர் அதை ஒரே போடாகப் போட்டுவிட்டார். கடைசியில் தீர்மானம் ஆயிற்று: கம்ப்யூட்டர் முழுசாக எழுந்திருக்க வேண்டும், இரண்டு தரப்பும் பார்த்திருக்க அதிலிருந்தே பட்டியலை எடுக்க வேண்டும், அதுவரை ஆபீஸ் அறைக்கு சீல். கதவின் குறுக்கே டேப் ஒட்டி இரண்டு பேரும் அதன்மேல் கையெழுத்துப் போட்டார்கள். சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களை நான் போதகர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

சரி, யார் எழுப்புவது? அதற்கு மட்டும் ஆள் இல்லை. அன்றும் மறுநாளும் சபையில் எனக்குத் தெரிந்த இன்ஜினியர்களையெல்லாம் போனில் கேட்டேன். ஒருவர், "நான் டெஸ்டிங் டீச்சர்" என்றார். இன்னொருவர், "நான் கோடிங் விட்டே பத்து வருஷம் ஆச்சு, இப்போ பீப்பிள் மேனேஜ்மென்ட்" என்றார். ஒரு பெண், "ஹார்டுவேர் எங்க டொமைன் இல்ல ஆன்ட்டி" என்றாள். எல்லாரும் முடிவில், அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அமெரிக்காவின் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன என்கிறார்கள். இருக்கலாம். அங்கெல்லாம் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை வராமலிருக்கட்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று எங்கள் தெரு இஸ்திரிக்காரர் சொன்னார். போய்ப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். குனிந்து ஒரு லேப்டாப்பின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் கோடுகளைப் பற்றிச் சொன்னதும் நிமிராமலே கேட்டாள்.

"சேஃப் மோட்ல நல்லா வர்தா?"

"வருதும்மா."

"தனியா டிஸ்ப்ளே கார்டு போட்டுக்கீதா?"

"போட்டிருக்கு."

"அப்போ கார்டு பூட்ச்சுக்கா. வந்து பாத்தா தெரிஞ்சிரும். நாளிக்கி கிருத்திகை, குன்றத்தூர் போறேன். வெள்ளிக்கெழம பொத்தேரில காலேஜ் பசங்க ரூம்ல வேல கீது. அதுக்கப்பால எப்போ வேணா வர்றேன்."

ஒரு கம்பெனி மேனேஜருக்கு ஒரு வாரத்தில் பிடிபடாததை இவள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னாள். நான் சொன்னதும் அதேதான் என்பதில் எனக்கு அல்பத்தனமான ஒரு சந்தோஷம், அதையும் ஒளிக்கவில்லை.

அவள் சனிக்கிழமையே வரத் தயார். எங்கள் ஆட்கள் தயாரில்லை. சனிக்கிழமை ரயில்வேக்காரருக்குப் பெருங்களத்தூரில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை செயலருக்கு வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் டேப்பைக் கிழிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலை என்று ஆனது.

செவ்வாய் காலை செயலரும் ரயில்வேக்காரரும் முதலில் டேப்பைச் சோதித்தார்கள், அவரவர் கையெழுத்து அவரவருடையதுதானா என்று. பிறகு போதகர் ஒரு சிறு ஜெபம் செய்தார். சிறு ஜெபம் என்று அவர்தான் சொன்னார். இத்தனை பேர் சுவரோரம் நிற்பதைப் பார்த்த அந்தப் பெண் என் காதில், "இன்னாக்கா, பொணம் அறுக்கற மாதிரி நின்னுகினு கீறாங்க?" என்றாள்.

பக்கப் பலகையைக் கழற்றினாள். உள்ளே நாலைந்து வருடத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கார்டின் விசிறி ஒன்றை விரலால் தள்ளினாள், சுற்றவில்லை. இன்னொன்று கால் சுற்று சுற்றி நின்றது. சுவிட்சைப் போட்டுக் கோடுகள் வருவதை ஒரு தடவை பார்த்தாள், அணைத்தாள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக் கார்டை உருவி மேஜைமேல் வைத்தாள். மானிட்டர் வயரை, பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ஓட்டையில், போர்டோடு சேர்ந்தே வந்த இடத்தில் செருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

முத்திரை வந்தது. புள்ளிகள் சுற்றின. சுற்றி முடித்து, துடைத்துவிட்ட மாதிரி ஒரு நீல மலைப் படம் வந்து நின்றது. பாஸ்வேர்டை அடித்தேன். உள்ளே போனது. போதகரின் சிறு ஜெபம் இதைவிட அதிக நேரம் எடுத்திருந்தது.

"அவ்ளோதான். தூசி தட்டாம வுட்டு, ஃபேன் நின்னு, சூடாயி சூடாயி கார்டு பூட்ச்சு. இத கழட்டிட்டா வேற ஒண்ணும் பேஜார் இல்ல. இதுவே போதும் உங்களுக்கு. அது கேம் ஆடறவங்க போட்ற கார்டு. இங்க யார் சார் கேம் ஆடறது?"

ரயில்வேக்காரர் ஜன்னல் அதிரச் சிரித்தார். "ஆடறாங்கம்மா, நிறைய பேர் ஆடறாங்க."

செயலர் சிரிக்கவில்லை. "அதைத் திருப்பி மாட்டுங்க" என்றார்.

"மாட்னா திரும்பவும் கோடு வரும் சார்."

"அது எங்க அப்பா நினைவா குடுத்தது."

அவளுக்குப் புரியவில்லை. பெட்டியின் முன்பக்கத்து ஸ்டிக்கரை அவள் படிக்கவில்லை. "உங்க அப்பாவ நான் இன்னா சார் பண்ணேன்? கார்டுதானே பூட்ச்சு" என்றாள்.

செயலரின் காதுமடல் சிவந்துவிட்டது. அத்தனை நாள் அவர்மேல் எரிந்துகொண்டிருந்த எனக்கே அந்த ஒரு கணம் பாவமாக இருந்தது. அவர் அப்பாவை எனக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். கோவிலில் கடைசி பெஞ்சில் உட்காருவார். காணிக்கைப் பையில் சத்தம் வராமல் போடுவார். முன்னால் வந்து உட்காரச் சொன்னால் இருமல் இருக்கிறது என்பார். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தங்க எழுத்து ஸ்டிக்கரை நகத்தாலேயே சுரண்டி எடுத்திருப்பார்.

அந்தப் பெண்ணை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். ஸ்கூட்டரில் ஏறியவள், "ஆறு மாசத்துக்கு ஒருக்கா பெயின்ட் ப்ரெஷ்ஷால தூசி தட்டுக்கா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் அடுத்த காரியம் ஆரம்பமாகியிருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலையும் பென் டிரைவ் பட்டியலையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும் என்று இருவரும் நின்றார்கள். ஒரே நொடியில் ஒப்பிடக் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கும் என்று நினைக்கிறேன். செயலர் அதைச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நான் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பென் டிரைவிலிருந்து அப்போதே எடுத்த தாளை வைத்துக்கொண்டு ரயில்வேக்காரர் டிக் போட்டார். செயலர் அவர் டிக் போடுவதைக் கண்காணித்தார்.

முக்கால் மணி நேரம் எல்லாம் சரியாகப் போனது. ஒரு பெயரை வாசித்ததும் போதகர் தலையைத் தூக்கினார்.

"டீச்சர், நில்லுங்க. இவரையா? இவரைப் போன வருஷம் நான்தானே அடக்கம் பண்ணேன்?"

ரயில்வேக்காரரின் பேனா தாளைவிட்டு எழவில்லை. இறந்தவர் அவருடைய சம்பந்தி முறை. நான் மேலே வாசித்தேன். பத்துப் பெயர் தள்ளி இன்னொருவர். இவரும் கல்லறையில். அதற்கப்புறம் துபாய்க்குப் போய்த் திரும்பாத ஒரு குடும்பம், ஐந்து பேரும் வரிசையாக. இவர்கள் செயலரின் ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் செருமினார். தன் தரப்புச் சடலத்தைக் காட்டிக்கொடுக்காதவரை எதிர்த்தரப்புச் சடலத்தைப் பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அப்புறம் அந்த வரிக்கு வந்தேன். குரலைத் தாழ்த்தி வாசித்தேன். செயலரின் தகப்பனார் பெயர். இறந்து நாலு வருடமாகிறது. வயது மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடிக்கொண்டே வந்து, எண்பத்தாறில் நின்றது.

"அது... சந்தா வருஷா வருஷம் அவர் பேர்லயும் கட்டிட்டு இருக்கோம். நினைவா" என்றார் செயலர்.

ரயில்வேக்காரர் வாயைத் திறந்தார். பிறகு தன் சம்பந்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

இங்கே என்னையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலை அடித்தது நான். சந்தா கட்டியவர்கள் பெயரைக் கமிட்டி கொடுக்கும், பழைய பட்டியலோடு சேர்த்து நான் அடிப்பேன். இறந்தவர்கள் எல்லாருடைய அடக்க ஆராதனைக்கும் போயிருக்கிறேன், இரண்டு பேருக்கு மலர்வளையமே நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். இருந்தும் அவர்கள் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் அடித்து, வயதைக் கூட்டி, வரிசை எண் கொடுத்திருக்கிறேன். என் கைப்பையைச் சந்தேகப்பட்டார்களே என்று ஒரு வாரம் குமுறியவள், கையில் இருந்ததை ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாளில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவு அன்றைக்கு ஒன்றுதான். பட்டியலைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவது, கூட்டக் குறிப்பில் எதையும் எழுதாமல் விடுவது. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "ரெண்டு லிஸ்டும் சரியாத்தான் இருக்கு" என்றார் ரயில்வேக்காரர், அதில் ஏமாற்றம் தெரிந்தது. கார்டை என்ன செய்வது என்பதற்கு ஒரு தனிக் கூட்டம் போட்டார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைப்பது, ஸ்டிக்கரை அப்படியே விடுவது என்று முடிவாயிற்று. ஆகவே இன்றைக்கும் அந்தப் பெட்டியில் இல்லாத கார்டு ஒருவர் நினைவாக இருந்துகொண்டிருக்கிறது. தேர்தலில் செயலர்தான் மறுபடியும் ஜெயித்தார். ரயில்வேக்காரருக்குப் பொருளாளர் பதவி கிடைத்தது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒலிபெருக்கி மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆனால் தேர்தலுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், நான் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே செயலர் வந்து நின்றார், தனியாக. கம்பெனிக்குப் போகிற உடுப்பில் இருந்தார்.

"பேரு எடுத்தாச்சா டீச்சர்?"

"இல்ல தம்பி. இப்பத்தான் உக்காரப் போறேன்."

"நான் இருக்கும்போதே எடுத்துடுங்க."

பட்டியலைத் திறந்து அந்த வரிக்குப் போனேன். வரி நீலமாயிற்று. "நீங்களே அமுக்குறீங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அமுக்கினேன். கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறினார்கள். எண்கள் தாமாகவே மாறிக்கொண்டன.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "அப்பாவுக்கு ஓட்டுப் போடறதே பிடிக்காது டீச்சர். எலெக்ஷன் அன்னைக்கு மட்டும் கோவிலுக்கு வர மாட்டார்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு, ஆமாம், லைனில்தான் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லியபடியே வெளியே போனார்.

நான் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் மூன்று பேர் போன் செய்து, தங்கள் இனிஷியல் தப்பாக இருப்பதாகச் சொன்னார்கள்.